ஒரே பெட்டிக்குள் ஒரு மருந்துத் தொழிற்சாலை! தெரியுமா?

மும்பை மாட்டுங்காவில் லோக்கல் ஏறினால் தாதர், அடுத்தது பரேல். இரண்டே ஸ்டேஷன்! அங்கே 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை எந்தத் துறையின் கீழ் வருகிறது தெரியுமா? சுகாதாரத் துறை என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 1962 முதல் அணுசக்தித் துறை! செம்பூர் பக்கம் அணுசக்தி நகரில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்களே, அவர்கள் வேலை பார்க்கும் அதே துறை!

அந்த மருத்துவமனையும் பவாயில் உள்ள ஐஐடி பம்பாயும் கைகோத்து ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து செய்தன. அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? நோயாளியின் சொந்த ரத்தம்! இதன் பெயர் கார்-டி சிகிச்சை. ரத்தத்தில் காவலுக்குச் சுற்றும் டி செல்களை வெளியே எடுக்கிறார்கள். புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காட்டும் புதிய மரபணுவை அவற்றுக்குள் ஏற்றுகிறார்கள். அவற்றைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அதே ஆளின் உடம்புக்குள் திரும்ப ஏற்றுகிறார்கள். பத்து நோயாளி என்றால் பத்து தனித்தனி மருந்து!

சரி, அந்த மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எச்ஐவியிலிருந்து உருவாக்கப்பட்ட வைரஸ்! எய்ட்ஸைத் தரும் அதே கிருமிதான்! நோய் உண்டாக்கும் பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, தானாகப் பெருகவே முடியாதபடி செய்து, சரக்கு ஏற்றும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரைக் குடித்த கிருமி உயிரைக் காக்கிறது!

இந்த மருந்துக்கு எத்தனை வேலை தெரியுமா? செல்களைக் கழுவ வேண்டும். டி செல்லை மட்டும் பிரிக்க வேண்டும். அதைத் தூண்டி எழுப்ப வேண்டும். வைரஸைச் சேர்க்க வேண்டும். நாள்கணக்கில் வளர்க்க வேண்டும். மறுபடி கழுவிப் பையில் அடைக்க வேண்டும். கையால் செய்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மூடி. மூடியைத் திறக்கும்போது ஒரே ஒரு கிருமி புகுந்தால்? அத்தனையும் வீண்! அதுவும் யாருடைய செல்? புற்றுநோயோடு போராடிக்கொண்டிருப்பவரின் செல். மறுபடி எடுக்க அவர் உடம்பில் தெம்பு இருக்குமா?

அத்தனை வேலையையும் ஒரே இயந்திரத்துக்குள் அடைத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியின் மில்டெனி பயோடெக் நிறுவனம் செய்த இதன் பெயர் கிளினிமேக்ஸ் ப்ராடிஜி. அரிசியை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, இட்லியாக அவித்தும் கொடுக்கும் ஒரே பாத்திரம், அதுவும் மூடியே திறக்காமல் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பெட்டி! மேசைமேலேயே வைத்துவிடலாம்!

கிட்டப் போய்ப் பார்ப்போமா? மேலே பைகள் தொங்குகின்றன. அவற்றிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. ரத்தச் செல் உள்ள பையை எப்படி இணைக்கிறார்கள்? குழாயோடு குழாயைச் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள்! வெளிக்காற்று துளியும் படாது. வால்வுகள் தாமாகவே திறந்து மூடுகின்றன. நடுவில் ஒரு வட்ட அறை. அது வேகமாகச் சுழன்றால் செல்களைப் பிரிக்கும் இயந்திரம். வேகத்தைக் குறைத்து 37 டிகிரி சூட்டில் வைத்தால் அதே அறை செல் வளர்க்கும் தொட்டில்! உள்ளே செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கக் கேமராகூட உண்டு!

டி செல்லை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுக்கிறது? காந்தத்தால்! 50 நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகள்கள் டி செல்லின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே இந்தத் துகள்களை ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக அடுக்கலாம்! காந்தம் இழுக்க, டி செல் நிற்கிறது, மற்றதெல்லாம் ஓடிவிடுகிறது. வேலை முடிந்ததும் பை, குழாய் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். அடுத்த நோயாளிக்குப் புத்தம் புதுசு!

செல் வளர்க்கும் கருவிகளில் இன்னும் ஒரு விந்தை! குவாண்டம் என்றொரு கருவி. அதன் ஒற்றைக் குழலுக்குள் உள்ளீடற்ற நுண்ணிழைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து செல் ஒட்டி வளரத் தரும் பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.1 சதுர மீட்டர்! இதெல்லாம் போதாது என்று அமெரிக்காவின் செல்லேரஸ் நிறுவனம் 16 நோயாளிகளுக்கு ஒரே சமயத்தில் மருந்து செய்யும் இயந்திரத்தையே கொண்டுவந்துவிட்டது!

இந்தியாவில் இந்தக் கதை எங்கே தொடங்கியது? செம்பூரில் ஹார்பர் லைனில் ஏறி வாஷி, பேலாப்பூர் தாண்டினால் கார்கர். அங்கே உள்ள டாட்டா மையத்தில்தான் 2021 ஜூனில் நம் நாட்டின் முதல் கார்-டி சிகிச்சை நடந்தது! 2023 அக்டோபரில் அந்த மருந்துக்கு அனுமதி. 2024 ஏப்ரல் 4 அன்று ஐஐடி பம்பாய்க்கே வந்து குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கிவைத்தார். மருந்தின் பெயர் நெக்ஸ்கார்19. பலன் எப்படி? 100-இல் 73 பேருக்கு நோய் பின்வாங்கியது! வேறு மருந்தெல்லாம் கைவிட்ட நோயாளிகள் இவர்கள்!

விலை? அமெரிக்காவில் 2017-இல் வந்த முதல் கார்-டி மருந்து 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய்! மும்பை மருந்து வந்தபோது ஏறக்குறைய 40 லட்சம். தாராவியில் ஒரு குடும்பத்துக்கு இதுவும் எட்டாக்கனிதான். இன்னும் இறங்க வேண்டும், இறங்கியே ஆக வேண்டும்!

மருந்து உள்ளே போனதும் சிலருக்குக் கடும் காய்ச்சல் அடிக்கும். 2012-இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி அப்படித்தான் சாவின் விளிம்புவரை போனாள். எது காப்பாற்றியது தெரியுமா? மூட்டுவாத மருந்து! சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதனால்தான் அந்த மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது! எமிலி பிழைத்தாள், வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்!

நம்மூருக்கு அந்த ப்ராடிஜி பெட்டி வந்ததா என்கிறீர்களா? வேலூருக்கே வந்துவிட்டது! சிஎம்சி மருத்துவமனையில் வெல்கார்ட் என்ற ஆய்வு. அங்கேயே எடுத்த செல், அங்கேயே அந்தத் தானியங்கி இயந்திரத்தில் மருந்தானது. எத்தனை நாளில்? சுமார் 9 நாளில்! உறையவைத்து வெளியூர் அனுப்பும் வேலையே இல்லை, சுடச்சுட அப்படியே ஏற்றினார்கள். ஆய்வில் மொத்தம் 10 பேர். அவர்களில் 6 பேருக்குக் கடும் ரத்தப் புற்றுநோய். அந்த 6 பேரில் எத்தனை பேருக்கு நோயின் தடயமே இல்லாமல் போனது தெரியுமா? ஆறு பேருக்கும்!