ஓடலாமா, நிற்கணுமா? 1527-ல் லூத்தர் எழுதிய பதில்

கொள்ளை நோய் ஊருக்குள் வந்தால் ஒரு கிறிஸ்தவன் ஊரை விட்டு ஓடலாமா? இந்தக் கேள்வியை மார்ட்டின் லூத்தரிடம் கேட்டவர்கள் பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள். யோஹான் ஹெஸ் என்பவர் அவர்கள் சார்பில் எழுதியிருந்தார். (அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது.) லூத்தர் உடனே பதில் போடவில்லை. அவருக்கே உடம்பு சரியில்லை. அதற்குள் 1527 ஆகஸ்டில் பிளேக் அவர் வாழ்ந்த விட்டன்பர்க்குக்கே வந்துவிட்டது. ஆகவே அந்தப் பதிலை அவர் நோய்க்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதினார்.

பல்கலைக்கழகம் யேனாவுக்குப் போய்விட்டது. லூத்தரையும் கிளம்பச் சொல்லி ஆட்சியாளரிடமிருந்து உத்தரவு வந்தது. மனைவி கத்தரீனா கர்ப்பிணி, மகன் ஹான்ஸுக்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது. போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் போகவில்லை. நகரப் போதகர் பூகன்ஹாகனும் கூடவே தங்கினார்.

இப்படி நின்றவர், "எல்லாரும் நில்லுங்கள், ஓடுகிறவன் விசுவாசமில்லாதவன்" என்றுதானே எழுதியிருப்பார் என்று நினைப்போம். அப்படி எழுதவில்லை. சாவுக்குத் தப்பி ஓடுவது பாவமில்லை என்கிறார். ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்று உயிருக்குத் தப்பி ஓடிய ஆட்களை வேதாகமத்திலிருந்தே அடுக்குகிறார். பயப்படுகிறவனை அவர் திட்டுவதே இல்லை.

அப்புறம் யாரைத்தான் நிற்கச் சொல்கிறார்? இங்கேதான் கடிதத்தின் மையம் இருக்கிறது. நான் போனால் யார் ஆளில்லாமல் தவிப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். போதகர் போனால் சாகிறவனுக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லை. நகர நிர்வாகி போனால் ஊர் குலைந்துவிடும். பெற்றோர் பிள்ளைகளையும், எஜமான் வேலைக்காரனையும், வேலைக்காரன் எஜமானையும் விட்டுப் போகக்கூடாது. அண்டை வீட்டுக்காரனுக்கும் இதே கணக்குதான். தன் இடத்தில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் போகக்கூடாது. அரசாங்கமே மருத்துவமனை கட்டி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டால் நல்லது, அது இல்லாத ஊரில் நாமே ஒருவருக்கொருவர் மருத்துவமனை என்கிறார். நோயாளியின் கட்டிலருகே போகிறவன் கிறிஸ்துவிடமே போகிறான் என்ற மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மருந்து வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அலட்சியமாகத் திரிகிறவர்களிடம் லூத்தர் கடுமையாகப் பேசுகிறார். அவருடைய பார்வையில் அது விசுவாசமே இல்லை, கடவுளைச் சோதித்துப் பார்ப்பது. மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, உன் தேவை இல்லாத இடத்துக்குப் போகாதே என்கிறார். நோயை மறைத்துக்கொண்டு வேண்டுமென்றே மற்றவர்களோடு கலந்து பழகுகிறவனைக் கொலைகாரனாகவே நடத்தச் சொல்கிறார். இதைப் படிக்கும்போது 2020 ஞாபகம் வராமல் இருக்காது.

அவருக்கு நோயின் காரணம் தெரியாது. கெட்ட காற்றுதான் காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-ல்தான். எலியும் தெள்ளுப்பூச்சியும் இதில் சம்பந்தப்பட்டவை என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. புகை போட்டதால் பெரிய பலன் இருந்திருக்காது. ஆனால் நுரையீரலைத் தாக்கும் பிளேக் இருமலில் பரவும், அதற்கு விலகி இருப்பது உதவும். காரணம் தப்பாக இருந்தும் ஆலோசனை பாதி சரியாக அமைந்தது.

கடிதத்தின் கடைசியில் பேச்சு திடீரென்று கல்லறைப் பக்கம் திரும்புகிறது. கல்லறையை ஊருக்கு வெளியே வையுங்கள், நம்ம ஊர்க் கல்லறையில் எல்லாரும் நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள், அமைதியே இல்லை என்று புலம்புகிறார். அவ்வளவு பெரிய இறையியல் விவாதத்துக்குப் பிறகு வரும் இந்த நகராட்சிப் புகார் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. செத்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்த ஊரில் இருந்து எழுதுகிறவருக்குத்தான் அது தோன்றும்.

அந்த இலையுதிர் காலத்தில் லூத்தர் குடும்பம் குடியிருந்த பழைய மடம் நோயாளிகளின் வீடாகிவிட்டது. நகர மேயரின் மனைவி ஏறக்குறைய அவர் கைகளிலேயே இறந்தார். பூகன்ஹாகன் தன் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்தார். டிசம்பர் 10-ஆம் தேதி அதே வீட்டில் கத்தரீனாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள்.