திரையில் தெரியும் எண் யாருடையது?

காலை மணி பத்து. ஜாசின் அருகே ஒரு தோட்டத்து வீடு. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் இருக்கிறார். கைப்பேசி ஒலிக்கிறது. "புக்கிட் அமானிலிருந்து பேசுகிறேன். உங்கள் வங்கிக் கணக்கில் கள்ளப்பணம் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள், போனையும் வைக்காதீர்கள்" என்று மலாயில் ஒரு அதிகாரக் குரல். திரையில் தெரிவதும் போலீஸ் நிலையத்தின் எண்தான்!

இது கற்பனைக் காட்சி. ஆனால், நம் நாட்டில் 'மக்காவ் ஸ்கேம்' எனப்படும் மோசடி இப்படித்தான் நடக்கிறது. போலீஸ், நீதிமன்றம், வருமான வரி வாரியம், பேங்க் நெகாரா என்று பெயர்தான் மாறும். முதலில் பயமுறுத்துவார்கள். பிறகு, "விசாரணைக்காக" என்று சொல்லிப் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள்.

மாணவர்களே, போலீஸ் எண்ணிலிருந்து மோசடிக்காரன் எப்படி அழைக்க முடிகிறது?

எண் எப்படிப் பொய் சொல்கிறது?

ஒரு கடித உறையை நினைத்துப் பாருங்கள். பெறுநர் முகவரி சரியாக இருந்தால்தான் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியும். அனுப்புநர் முகவரியில் யார் எதை எழுதினாலும் கடிதம் வந்துவிடும்.

தொலைபேசி அழைப்பும் அப்படித்தான். அழைப்பு தொடங்கும்போது இரண்டு எண்கள் தகவலாகச் செல்கின்றன: அழைக்கப்படுபவரின் எண், அழைப்பவரின் எண். முதல் எண்ணைப் பார்த்துத்தான் அழைப்புக்கு வழி கிடைக்கிறது. இரண்டாவது எண் திரையில் காட்டுவதற்கான தகவல். இணையம் வழி அழைக்கும் சில மென்பொருள்களில் அந்த இடத்தில் விரும்பிய எண்ணைப் போட்டுவிடலாம். வேறொரு நாட்டிலிருந்து வரும் அழைப்புகூட உள்ளூர் எண்ணோடு தெரிவது இதனால்தான்.

இதிலேயே தப்பிக்கும் வழியும் இருக்கிறது. போலி முகவரி எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போட்டால், அது ஏமாற்றியவனுக்குப் போகாது. அந்த முகவரியில் உண்மையில் குடியிருப்பவருக்கே போகும். அதுபோல, போலீஸ் நிலையத்தின் எண்ணை நீங்களே அழுத்தினால் உண்மையான நிலையத்துக்கே அழைப்பு செல்லும். ஆகவே, வந்த அழைப்பைத் துண்டியுங்கள். எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். வங்கி எண் வங்கி அட்டையின் பின்புறத்திலேயே இருக்கும். அழைத்தவர் கொடுக்கும் எண் வேண்டாம்.

ஏன் போனை வைக்க விடுவதில்லை?

பயம் வந்ததும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. உடல் ஓடவோ போராடவோ தயாராகிறது. அந்த நேரத்தில், நிதானமாக ஆராய்ந்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி சரியாக வேலை செய்வதில்லை. படித்தவர்களும் ஏமாறுவது இதனால்தான். பேச்சு நீளும்வரை பயமும் நீளும். போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பக்கத்து வீட்டாரிடம் பேசினாலே நாடகம் கலைந்துவிடும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவன் மிரட்டுவது அதற்காகத்தான்.

பணம் போய்விட்டால்?

உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. 'கெல்டாய்' கணக்குகள் எனப்படும் பிறர் பெயரிலுள்ள கணக்குகள் வழியாக வேகமாக மாற்றிக்கொண்டே போவார்கள். சீக்கிரம் புகார் செய்தால், பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு உண்டு.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் சோதிக்கலாம். அங்கே பதிவு இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். புதிய கணக்காக இருக்கலாம். இன்னொன்று: "வங்கி அட்டையை வாடகைக்குக் கொடு, பணம் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதுவும் குற்றம்தான்.

ஏமாந்த பெரியவர்கள் பலர் வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. அந்தத் தாமதம் மோசடிக்காரனுக்குத்தான் லாபம். இன்று மாலை பாட்டியிடம், "இப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், பாட்டி. எது நடந்தாலும் நாங்கள் ஏச மாட்டோம்" என்று சொல்லுங்கள். வங்கி எண், பக்கத்துப் போலீஸ் நிலைய எண், 997 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.