பதினெட்டு முடிந்த மறுநாள்

சேது யாத்திரை போகிறவர்கள் ஒரு காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையைக் கால்நடையாகவே கடந்து சென்றார்கள். அவர்கள் தங்கி இளைப்பாறுவதற்காக மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். அரண்மனைப் பெண்மணிகளின் பெயரை அவற்றுக்குச் சூட்டுவது வழக்கம். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். சேதுபாவாசத்திரத்துக்கோ சத்திரமே ஊரின் பெயராகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது இந்தக் கட்டிடங்களை நம்மில் பலர் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம். "யாரோ ராஜா, யாருக்கோ சோறு போட்ட இடம்" என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நினைத்திருக்க மாட்டோம்.

ஆனால் 1801-ஆம் வருஷம் சரபோஜி மன்னர் கும்பினியாரின் ரெஸிடெண்டு டோரின் துரைக்கு எழுதியனுப்பிய குறிப்பைப் படித்தவர்கள் அவ்வளவு எளிதில் நகர்ந்துவிட முடியாது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்தான், 1799 உடன்படிக்கையின்படி, ராஜ்ய நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போயிருந்தது. நாடு போனாலும் சத்திர தர்மம் நின்றுவிடக் கூடாது என்பது மன்னரின் கவலை. ஆகவே அங்கே என்னென்ன நடக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். யாத்திரிகருக்கு அன்னம், நோயாளிக்கு வைத்தியம் இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவையே. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது அநாதைக் குழந்தைகளைப் பற்றிய பகுதி. வழிப்போக்கர் விட்டுச் சென்ற அநாதைகள் சத்திரத்து உபாத்தியாயரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள். தினம் மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கொரு முறை எண்ணெய் முழுக்கு, துணிமணி, மருந்து. எந்தக் கல்வியில் பிள்ளைக்கு நாட்டமோ அதில் பயிற்சி. போதிய தேர்ச்சி வந்த பிறகு அவர்களுடைய கலியாணச் செலவையும் சத்திரமே ஏற்றுக்கொண்டது.

எத்தனை வயது வரையில் என்ற பேச்சு அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழில் கைக்கு வந்து, தனக்கென்று ஒரு குடித்தனம் அமைகிற வரையில் என்பதுதான் கணக்கு. நம் வீடுகளில் நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கிற கணக்கும் அதுதானே?

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு என்று மன்னர் எழுதினார். யாருக்கு எந்த இடத்தில் இலை விழுந்தது என்பதை அவர் எழுதவில்லை. 1855-இல் அரச வம்சத்தின் உரிமை முடிந்து, பின்னர் சத்திரச் சொத்துக்கள் ஜில்லா போர்டின் வசம் வந்த பிறகும் அந்தப் பேதம் நீடித்தே வந்தது. போர்டின் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம் ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி வசதியைத் திறந்துவிட்டார். அரசியலில் அவர் ஜஸ்டிஸ் கட்சியைச் சேர்ந்தவர். தேசியப் பத்திரிகைகளுக்கும் அவருக்கும் எட்டாப் பொருத்தம். ஆயினும் பசித்த பிள்ளைக்குக் கதவைத் திறந்தவர் எந்தக் கட்சியானால் என்ன? அதைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். குழந்தைகள் விஷயத்தில் சென்னை ராஜதானிக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-இல் இங்கேதான் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1986-இல் நாடு முழுமைக்கும் இளஞ்சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு 16 வயது, பெண்ணுக்கு 18 வயது என்று எல்லை வகுத்தார்கள். 2000-இல் இருவருக்கும் 18 என்றாயிற்று. இப்போது நடப்பிலிருப்பது 2015-ஆம் வருஷத்துச் சட்டம். ஜில்லாதோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. 1098 என்ற எண்ணில் கூப்பிட்டால் ஆள் வருகிறார். கும்பகோணம் ரயில்வே ஸ்டேஷனில் பத்து வயதுப் பையன் ஒருவன் திகைத்து நின்றால், அவனை எங்கே அழைத்துப் போவது என்பது இன்று யாருக்கும் புதிரல்ல. இது சாமானியமான சாதனை அன்று.

அந்தப் பையன் காப்பகத்தில் வளருகிறான், படிக்கிறான், பதினெட்டாவது பிறந்த நாள் வருகிறது. மறுநாள் அவன் எங்கே போவான்?

சட்டத்தின் 46-வது பிரிவு இதற்கு விடை சொல்லுகிறது. 18 வயது நிறைந்து காப்பகத்தை விட்டு வெளியேறுகிறவருக்குப் பண உதவி அளிக்கலாம் என்கிறது. 'அளிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. 'அளிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டால் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே காவேரியும் கொள்ளிடமும் ஓடுகின்றன என்பார்கள். 'வேண்டும்' என்றிருந்தால் அது கிடைக்காத பையன் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கலாம். 'லாம்' என்றிருப்பதால், அந்த வருஷத்து நிதியையும் அந்த ஜில்லா உத்தியோகஸ்தரின் மனத்தையும் பார்த்து அவன் காத்திருக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அறிய நாகப்பட்டினத்தைப் பார்த்தால் போதும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தமிழ்நாட்டிலேயே அதிகமாகப் பலி கொண்டது அந்த ஜில்லாவில்தான். தாய் தந்தையரை இழந்த குழந்தைகளுக்காக அன்னை சத்யா அரசுக் காப்பகம் அங்கே ஏற்பட்டது. தஞ்சாவூரில் கலெக்டராக இருந்த ஸ்ரீ ஜெ. ராதாகிருஷ்ணன் நாகைக்கு மாற்றப்பட்டார். அவரும் அவர் மனைவியாரும் அக்குழந்தைகளிடம் பெற்றோர் போலப் பழகினார்கள். உத்தியோகம் மாறி வேறு ஊர் போன பின்பும் போக்குவரத்தை நிறுத்தவில்லை. அங்கே வளர்ந்த பெண்ணொருத்திக்கு 2022-இல் திருமணம் நடந்தபோது அவரே பெற்றோர் ஸ்தானத்தில் நின்று நடத்தி வைத்தார். பத்திரிகைகளில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சரபோஜியின் சத்திரக் குறிப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. கலியாணச் செலவு வரையில் கணக்கு வைத்த பழைய ஏற்பாடு ஒரு தனி மனிதரின் அன்பினால் மறுபடி உயிர் பெற்றது போலிருந்தது.

அவருக்கு எவ்வளவு வந்தனம் செலுத்தினாலும் தகும். ஆனால் கலெக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பவர்கள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மேலும், பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளையை உலகமே பார்த்தது. 2021-இல் கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில சர்க்கார் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை ஏற்படுத்தி, 18 வயதில் வட்டியுடன் கிடைக்க ஏற்பாடு செய்தது. மத்திய சர்க்காரின் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம்; நடுவிலே மாதந்தோறும் உதவித்தொகை. இரண்டில் பின்னது விவேகமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். பதினெட்டு வயதுப் பையன் கையில் ஐந்து லட்சமும் தலைக்கு மேல் கூரையின்மையும் சேர்ந்தால், அதுவரை காணாத மாமன்மார்கள் எத்தனை பேர் வந்து சேருவார்கள்! அது கிடக்கட்டும். தகப்பன் குடியிலே போய், தாய் காசத்திலே போன பிள்ளை என்ன பாவம் செய்தான்? அவன் பெற்றோர் இறந்த விதம் பத்திரிகையில் வரவில்லை என்பதுதானே அவன் குற்றம்?

"பரிதாபந்தான், ஆனால் இது அந்தப் பிள்ளைகளின் சமாசாரம். ஊருக்கு இதில் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. ஆகவே காப்பகத்துப் பிள்ளை சுதந்திர நாட்டின் முழுப் பிரஜையாகிற அதே நாளில் தன் விலாசத்தை இழக்கிறான். வோட்டர் ஜாபிதாவில் பெயர் ஏற ஒருவன் ஓரிடத்தில் சாதாரணமாக வசிக்கிறவனாக இருக்க வேண்டும். தெருவில் படுப்பவர்களையும் தேர்தல் கமிஷன் கைவிடவில்லை. அதிகாரி இரவிலே ஒரு தடவைக்கு மேல் நேரில் போய், சொன்ன இடத்தில்தான் அவர் உறங்குகிறாரா என்று பார்த்துப் பெயரைச் சேர்க்கலாம். வேறு அத்தாட்சி கேட்க வேண்டியதில்லை. அருமையான விதி. ஆனால் நம் பையன் தெருவில் படுப்பதில்லை. கலியாணச் சமையல் கோஷ்டியோடு இன்று திருவாரூர், நாளை மாயூரம் என்று போய்ப் பாத்திரங்களுக்கு நடுவே படுக்கிறான். ஓட்டல் மாடியில் படுக்கிறான். நெல் மூட்டை லாரியில் படுக்கிறான். ஓட்டல் முதலாளி, "இவன் என் கட்டிடத்தில் வசிக்கிறான்" என்று எழுதிக் கொடுப்பாரா? மாட்டார். எழுதிக் கொடுத்தால் வேறு பல கேள்விகள் பின்னாலேயே வரும்.

ஜனக்கணக்கிலும் இதே கதைதான். 2011 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு நாடெங்கும் வீடற்றவர்களை எண்ணினார்கள். சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று தேறிற்று. நடைபாதை, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், ஏன், பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் படுப்பவர்கள் கூடக் கணக்கில் வந்தார்கள். கட்டிடத்துக்குள் படுத்தவன் வரவில்லை, அவன் வீடுள்ளவன்! இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் திட்டமும் நிதியும் வகுக்கப்படுகின்றன. நகர்ப்புறங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேர் தங்கும் விடுதி ஒன்று வேண்டும் என்பது விதி. 2011 கணக்கில் தஞ்சாவூர் நகரத்தின் ஜனத்தொகை 2,22,943. விதிப்படி இரண்டு விடுதிகள் வைத்துவிடலாம். ஆனால் முதியவர்களும் நோயாளிகளும் படுத்திருக்கும் கூடத்தில், பாலிடெக்னிக் புத்தகத்தோடு ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை போய்ப் பாயை விரிப்பான் என்று யார் நம்புவார்கள்?

கிராமத்தில் இதன் பலன் இன்னும் கசப்பானது. கிராம சபை என்பது அவ்வூர் வோட்டர்களின் சபை. வாய்க்கால் தூர் வாருவதா, வடிகாலை எங்கே திருப்புவது, பாதை யாருக்கு என்றெல்லாம் பேசுகிற இடம் அது. ஜாபிதாவில் பெயர் இல்லாதவன் அங்கே வேடிக்கை பார்க்கலாம். கை தூக்க முடியாது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிற ஆட்டு மந்தைகளோடு முன்பணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட சிறுவர்கள் வந்திருப்பதை டெல்டாவாசிகள் கண்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு அத்தகைய செய்திகள் பத்திரிகைகளில் அடிபட்டன. ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் இத்தகைய சிறுவர்களை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்கிறார்கள். பதினான்கு வயதில் மீட்கப்பட்டவனுக்கு நாலு வருஷத்தில் பதினெட்டாகிறது. அப்போது அவனுக்குத் தெரிந்த வேலை ஆடு மேய்ப்பது; தெரிந்த படுக்கை வயல்வெளி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. பழைய முதலாளி மட்டும் அதே இடத்தில் காத்திருக்கிறார்.

போலீஸ் விவகாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு வாலிபர்களில், "என் வீடு இன்ன தெரு, இன்ன நம்பர்" என்று சொல்லக்கூடியவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். சொல்ல முடியாதவன் ஸ்டேஷனுக்குப் போகிறான். சிறு வழக்கானாலும் ஜாமீன் நிற்க ஊரில் ஒரு வீட்டுக்காரர் வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில். குற்றமே செய்யாதவனைக் குற்றவாளிகளோடு குடியிருக்கச் செய்வதற்கு இதைவிடச் சுலபமான வழி வேறு இல்லை.

சர்க்காரை மட்டும் குறை கூறிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. "வீடு வாடகைக்கு விடப்படும், குடும்பஸ்தர்களுக்கு மட்டும்" என்று போர்டு தொங்கவிடுகிறவர்கள் நாம்தாம். மாடி அறை பூட்டியே கிடக்கும். வேலைக்குப் போகும் ஒரு பையன் வந்து கேட்டால், "அப்பா என்ன செய்கிறார்?" என்பது நம் முதல் கேள்வி. "அப்பா இல்லை" என்றால், "சொந்தக்காரர் யாராவது வந்து பேசட்டும்" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். தமிழ்நாட்டின் பிற்பட்டோர் ஜாபிதாவில் ஒரு விசித்திரமான இனம் இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரிப்பார் யாருமின்றி, அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளர்ந்த அநாதைகளையே ஒரு வகுப்பாக அதில் சேர்த்திருக்கிறார்கள். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அது ஒத்தாசை, மனமுவந்து பாராட்டலாம். ஆனால் அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டி ஓர் அறையை வாடகைக்கு வாங்க முடியாது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. காகிதத்தில் அது தயாராகவே இருக்கிறது. பிற்காப்பு என்று அதற்குப் பெயர். 21 வயது வரையிலும், அவசியமானால் 23 வரையிலும் ஆதரவு நீடிக்கலாம் என்று 2016 மாதிரி விதிகள் சொல்லுகின்றன. ஆறு முதல் எட்டு வாலிபர்கள் சேர்ந்து குடியிருக்கும் வீடுகள் அமைக்கலாம் என்றும் சொல்லுகின்றன. 2022-இல் வந்த மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில் ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று தொகையும் நிர்ணயமாயிற்று. இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய பிள்ளைகளை 21 வயது வரை கவனிப்பதை உள்ளூர்க் கவுன்சிலின் கடமையாகவே ஆக்கிவிட்டது. 2017-இல் அதன் ஒரு பகுதியை 25 வரை நீட்டினார்கள். அங்கே கடமை, இங்கே 'லாம்'.

எட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் 32,000 ரூபாய். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டு வாடகையும், அரிசி பருப்பும், விளக்குச் செலவும் சிக்கனமாக இதில் அடங்கும். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் பங்கைப் போடுவார்கள். வீடு கிடைக்கவில்லையென்றால் சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் சில பள்ளிக்கூடங்களாகவும் விடுதிகளாகவும் பயன்பட்டன. சிலவற்றில் ஆலமரம் வேர் விட்டிருக்கிறது. அவற்றின் நிர்வாகம் இன்றும் கலெக்டர் காரியாலயத்தைச் சேர்ந்த காரியமாகவே இருந்து வருகிறது. முழுக் கட்டிடத்தையும் புதுப்பிக்க வேண்டுமென்று கூட நான் கேட்கவில்லை. ஒழுகாத நாலு அறை, ஒரு சமையற்கட்டு, மேற்பார்வைக்கு நல்ல மனிதர் ஒருவர், வாசலில் நகரசபையோ பஞ்சாயத்தோ ஆணியடித்து மாட்டிய ஒரு கதவு நம்பர். தபால்காரர் கடிதம் கொண்டுவந்து கொடுப்பதற்கும், தேர்தல் அதிகாரி பகலிலேயே வந்து பெயர் எழுதிக்கொண்டு போவதற்கும் அந்த நம்பர் போதும்.