அடுப்பின் சுடர் மஞ்சளானால்...

பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் பாத்திரத்தைத் தேய்க்கிறோமேயன்றி, அடுப்பைச் சோதித்துப் பார்ப்போர் நம்மில் சிலரே. விறகடுப்புக்குக் கரி இயல்பு; எரிவாயு அடுப்பிலோ அது நோயின் அறிகுறி.

நமது சத்துவாச்சாரியிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தாய்மாரும் சகோதரிகளும் பொழுது புலரும் முன்னரே சமையலை முடிக்க வேண்டியவர்கள். அந்நேரத்தில் அடுப்பு மங்கினால் பிள்ளைகளின் காலை உணவும் தடைப்படும். வேலைக்குச் செல்லும் பேருந்தும் தவறும். 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் எளிய இல்லங்களுக்கும் இவ்வடுப்பைக் கொண்டு சேர்த்தன. அதைப் பேணும் அறிவும் உடன் வரவேண்டுமன்றோ?

முதலில் அடுப்பு எரியும் விதத்தை அறிவோம். ஜெட் எனப்படும் சிறு துளையின் வழியே விரைந்து வெளிவரும் வாயு, பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு, குழலில் கலந்து, பர்னரின் துளைகளில் எரிகிறது. காற்று போதுமானால் சுடர் நீலம், குறைந்தால் மஞ்சள். மஞ்சள் சுடர் கரியைப் படியச் செய்வதோடு, நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்கும். சன்னல் அடைத்த சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆனால் உப்புநீர் பொங்கி வழிகையில் சற்று நேரம் செம்மஞ்சள் நிறம் தோன்றுவது குறையன்று.

பொங்கி வழிந்த கஞ்சியும் பாலும் பர்னர் துளைகளை அடைப்பதே பெரும்பாலும் காரணம். குழலில் சிலந்தி வலை கட்டுவதும் உண்டு. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்கு ஆறியபின் பர்னரை எடுத்துப் புளி கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். பித்தளைக்குப் புளி ஏற்றது என்பதை நம் பாட்டிமார் அறிவர். பின்னர் தூரிகையால் தேய்த்து, துளைகளை ஊக்கினால் குத்தி, வெயிலில் முற்றும் உலர்த்திப் பொருத்துங்கள். ஈரம் இருந்தால் சுடர் துள்ளி எரியும். ஜெட் துளையை மட்டும் ஊக்கினால் குத்தலாகாது. துளை பெரிதானால் வாயு மிகுந்து கரி இன்னும் கூடும். அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நன்று.

ஒரு பர்னர் மட்டும் மங்கினால் குறை அந்தப் பர்னரில். எல்லாப் பர்னர்களும் ஒருங்கே மங்கினால் சிலிண்டர் தீரும் நிலையிலிருக்கலாம், ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். 'டப்' என்ற ஓசையுடன் சுடர் உள்ளே இறங்கினால் உடனே அணைத்து, ஆறிய பின் பர்னரின் மேல்மூடி சரியாக அமர்ந்துள்ளதா எனப் பாருங்கள். திருகு இறுகினால் சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள். உள்ளேயிருக்கும் கிரீஸ் காய்ந்திருக்கும். அதைக் கழற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை. லைட்டர் பொறி தராவிடில் பெரும்பாலும் ஈரமே காரணம், உலர்த்தினால் போதும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது கசிவு. எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை நாம் உணரும் பொருட்டே மெர்க்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர். ஐயம் எழுந்தால் சோப்பு நுரையை ரெகுலேட்டரைச் சுற்றியும், குழாயின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழிகள் எழும் இடமே கசியும் இடம். தீக்குச்சியால் சோதிப்பது பேராபத்து! புதிய சிலிண்டர் வரும்போதே அதன் வாயிலுள்ள ரப்பர் வாஷரைக் கொண்டுவருபவர் முன்னிலையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, கம்பி வலை உள்ள சுரக்ஷா ரப்பர் குழாயையே வாங்குங்கள். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். விரிசல் கண்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். அழகுக்காகத் துணி உறை போட்டால் எலி கடித்த இடமும் மறைந்துபோகும்.

வாயு நாற்றம் வீசினால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறங்கள். மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிறு பொறியும் போதும். இவ்வாயு காற்றினும் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். ஆகவே அனைவரும் வெளியேறி, வெளியிலிருந்து 1906 என்னும் அவசர எண்ணை அழையுங்கள். அது இரவும் பகலும் இயங்குவது. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியும், அடுப்பை அதைவிட உயரமான மேடையிலும் வையுங்கள்.

இவற்றை இல்லத்தரசிகள் மட்டுமே அறிந்திருப்பது போதாது. அடுப்பில் வெந்ததை உண்பவர் அனைவர்க்கும் அடுப்பைக் காக்கும் கடமையுண்டு. வரும் ஞாயிறு பிற்பகலில் குடும்பத் தலைவர் பர்னரைத் துலக்க, பிள்ளைகள் குழாயில் விரிசல் தேட, அன்னையர் சற்றே அமர்ந்திருக்கட்டும். அரைமணி நேர வேலைதான். மறுநாள் விடியலில் நீலச் சுடர் அவர்களுக்கு நன்றி கூறும்.