ஆட்டிசம்: அனுபவிப்பவரின் சாட்சியம்

புறக்கண்ணுக்குத் தெரிந்தவை

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து ஆட்டிசத்தின் லட்சணங்களை எழுதிவைத்தது முதல், ஆட்டிசம் உடையோர் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்வதில்லை என்று கணக்கெடுப்பதிலேயே வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் முனைந்திருந்ததேயன்றி, உலகம் அவர்களுக்கு எவ்வாறு புலப்படுகிறது என்று அவர்களையே கேட்டறிவதில் அத்தனை சிரத்தை காட்டவில்லை. எதிரிலிருப்பவரின் முகத்தைப் பாராமலிருப்பதை ஒரு குறையென்று குறித்துக்கொள்ளக் கணநேரம் போதும். பார்ப்பது அவருக்கு என்ன வேதனை தருகிறது என்று அறியவோ பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை ஒரு முறையாக வகுத்துக்கொண்டதே பண்புசார் ஆய்வு.

கேட்கும் விதம்

பேட்டிகளை எழுத்தில் வடித்து, வரிவரியாகப் படித்து, மீண்டும் மீண்டும் தலைகாட்டும் கருத்துகளைத் தொகுக்கும் கருப்பொருள் பகுப்பாய்வு இதில் பெருவழக்கு. ஆயினும், பகுப்பாய்வு எத்தனை நுட்பமாயினும், கேட்ட விதம் பிசகினால் பயனில்லை என்பதே என் அபிப்பிராயம். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். வாய்ப்பேச்சு சிரமமானவர் தட்டச்சு செய்யவோ படம் வரைந்து காட்டவோ இடமளிக்க வேண்டும். "உங்கள் வாழ்க்கை எப்படியிருக்கிறது?" என்று பொதுப்படக் கேட்டால் திகைத்து நின்றுவிடக் கூடியவரிடம், "கடைக்குள் நுழைந்ததும் எந்தச் சத்தம் முதலில் உங்களை வருத்துகிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் பிறக்கும்வரை அந்த மௌனத்தை நம் பேச்சால் கலைக்காமலிருந்தால், எந்த வினாத்தாளிலும் அகப்படாத விவரங்கள் வந்து சேரும்.

வேஷமும் அயர்ச்சியும்

அனுபவிப்பவர்களையே கேட்டதனால் விளைந்த நன்மைக்கு இரண்டு ஆய்வுகள் சாட்சி. 2017-இல் லாரா ஹல்லும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உடைய வயதுவந்தோர் 92 பேர், பிறரைப்போல் தோன்றுவதற்காகத் தாங்கள் செய்யும் பிரயத்தனங்களையும், அதன்பின் தங்களைக் கவ்வும் களைப்பையும், தாம் உண்மையில் யார் என்ற மயக்கத்தையும் விவரித்தனர். தாமே ஆட்டிசம் உடையவரான டோரா ரேமேக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம் குழுவினருடன் 2020-இல் வெளியிட்ட ஆய்வோ, மாதக்கணக்கில் நீடிக்கும் கடும் அயர்ச்சி, முன்பு கைவந்த திறமைகள் நழுவுதல், ஓசையும் ஒளியும் தாங்கமுடியாமற் போதல் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு நிலையை, அதில் உழன்றவர்களின் வாய்மொழியைக் கொண்டே வரையறுத்தது. அவர்களிற் சிலர் தற்கொலை எண்ணம்வரை சென்றிருந்தனர் என்பதை எண்ணினால், இந்நிலையைச் சோம்பல் என்று ஒதுக்குவது எத்தனை பெரிய அபாயம்! ஓய்வு, சுமைக்குறைப்பு, வேஷமின்றி இருக்கச் சம்மதிக்கும் மனிதர்கள் ஆகியவையே தங்களை மீட்டன என்றும் அவர்கள் கூறினர். நேற்றுவரை தானே சமைத்துக்கொண்டிருந்தவர் இன்று அடுப்பருகே செய்வதறியாமல் நின்றால், அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு தாமதமின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.