எரிந்தால் துளிர்க்காத புதர்

வாசனைச் சிறப்பிதழ் என்றதும் எல்லோரும் மல்லிகைக்கும் தாழம்பூவுக்கும் ஓடுவார்கள். நாம் அமெரிக்காவின் நெவாடாவுக்குப் போவோம். கல்லும் காற்றுமாகக் கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், கற்பூரமும் கசப்பும் கலந்த நெடி கிளம்பும். சேஜ்பிரஷ் புதரின் வாசனை அது. நம் மரிக்கொழுந்துக்குப் பங்காளி. இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினம். நெவாடாவின் மாநில மலர் இதுதான், கொடியிலும் இருக்கிறது.

பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பளவு உயரம், நுனியில் மூன்றாகப் பிளந்த சிறு இலை, அதன்மேல் வெள்ளிநிற மென்மயிர். வசந்தத்தில் விட்ட பெரிய இலைகள் கோடை வறட்சியில் உதிர்ந்துவிடும். சிற்றிலைகள் பனிக்காலம் முழுக்க நிற்கும். சேஜ் குரௌஸ் என்ற காட்டுப்பறவைக்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய இந்த இலை மட்டுமே சாப்பாடு. வேர் செய்யும் வேலை இன்னும் விசேஷம். இரவில் ஆழத்து ஈரத்தை இழுத்து, காய்ந்த மேல்மண்ணில் கசியவிடும். பக்கத்துப் புல்லும் அதில் கொஞ்சம் குடித்துக்கொள்வதை 1980-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வறட்சியை இவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கும் செடி, தீயிடம் மட்டும் தோற்றுப்போகிறது. எரிந்தால் அடியிலிருந்து துளிர்ப்பதில்லை, விதையிலிருந்துதான் வரவேண்டும். விதையோ மிகச் சிறியது. பெரும்பாலும் தாய்ச்செடியின் காலடியிலேயே விழும், மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்காது. முன்பு இது பெரிய குறையாக இல்லை. புதருக்கும் புதருக்கும் நடுவே வெற்றுமண் நிறைய இருந்ததால், தீ எளிதில் தாவாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா, ஆசியப் பக்கமிருந்து வந்துசேர்ந்த சீட்கிராஸ் என்ற புல் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. கோடை முதிரும் முன்பே அது காய்ந்து சருகாகிவிடும். பிறகு ஒரு மின்னல் போதும், அல்லது யாரோ அணைக்காமல் விட்ட கங்கு. எரிந்த இடத்தில் முந்திக்கொண்டு முளைப்பதும் அதே புல்தான். 2018-ல் வடக்கு நெவாடாவில் ஒரே தீயில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் போனது.

மாடுகளை விட்டு மேய்த்தால் புல் குறையும் என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். குறையலாம். ஆனால் அந்தப் புல் பரவ இடம் கொடுத்ததில் பழைய கண்மூடித்தனமான மேய்ச்சலுக்கும் பங்குண்டு.

விமானத்திலிருந்துகூட விதை தூவிப் பார்க்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் பெரும்பகுதி வீண். பிழைத்து முளைத்தாலும், பழைய அடர்த்திக்குப் புதர் திரும்பப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். புல் அதற்குள் பலமுறை எரிந்து, பலமுறை முளைத்திருக்கும்.