பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங்... வாங்கும் முன் பொருத்தம் பார்த்துடுங்க!

திருவொற்றியூரில் 1950-களில் உருவாகத் தொடங்கிய புல்லட்டுக்குக் காற்றுதான் குளிர்ச்சி. இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் தகடுகளில் எதிர்க்காற்று பட்டாலே சூடு இறங்கிவிடும். அதே ராயல் என்ஃபீல்டு, 2023-ல் வெளியிட்ட ஹிமாலயன் 450 பைக்கில் ரேடியேட்டரும் கூலன்ட்டும் வந்துவிட்டன. சக்தி கூடினால் சூடும் கூடும், அதைச் சமாளிக்கக் காற்று மட்டும் போதாது என்பதே காரணம்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். கேம் ஆடும் பிள்ளைகளும், வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர்களும் "வாட்டர் கூலிங் போடணும்" என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மலிவாகக் கிடைத்ததே என்று ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு இடத்தில் வாங்கினால், ஒன்றோடு ஒன்று சேராது. தண்ணீர் கசிந்தால் மொத்தக் கம்ப்யூட்டருமே போய்விடலாம். எனவே கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல இதற்கும் பொருத்தம் பார்த்தாக வேண்டும்.

சூடு எங்கே போகிறது?

ஒரே கன அளவு காற்றைவிட 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். பிராசஸர் மேல் உட்காரும் உலோக 'பிளாக்' சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கிறது. பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன் காற்று சூட்டை வெளியேற்றுகிறது.

எண்ணூர் பக்கம் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையமும் இப்படித்தான் கடல்நீரால் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அங்கிருந்து வெளியேறும் சுடுநீரால் கழிமுகத்தில் மீன்வளம் பாதிக்கப்படுவதாக மீனவர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். சூடு காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. கம்ப்யூட்டரின் சூடு உங்கள் அறைக்குள்தான் வரும். அறை 36 டிகிரியில் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த வாட்டர் கூலரும் பிராசஸரை அதற்குக் கீழே கொண்டுபோகாது.

முதலில், தேவையா?

இன்டெல் கோர் ஐ5-12400 உச்ச வேகத்திலும் 117 வாட் வரைதான் எடுக்கும். ஏ.எம்.டி ரைசன் 5 5600 பிராசஸர் 65 வாட் ரகம். இவற்றுக்குச் சுமார் 2,000 ரூபாயில் கிடைக்கும் நல்ல டவர் ஏர் கூலரே போதும். 253 வாட் வரை போகும் கோர் ஐ7-14700கே போன்ற பிராசஸர் என்றால் வாட்டர் கூலிங் பற்றி யோசிக்கலாம்.

அதிலும் இரண்டு வகை உண்டு. பம்ப், ரேடியேட்டர், டியூப் எல்லாம் சேர்த்துச் சீல் வைத்து வரும் 'ஆல்-இன்-ஒன்' ஒரு வகை. 240 மி.மீ அளவில் இது சுமார் 5,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே சேர்ப்பது 'கஸ்டம் லூப்'. அதன் செலவு எளிதில் பல மடங்காகிவிடும். பட்ஜெட் குடும்பத்துக்கு ஏற்றது முதல் வகை. செகண்ட் ஹேண்டில் மட்டும் வேண்டாம். உள்ளிருக்கும் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், பெரும்பாலான மாடல்களில் மறுபடி நிரப்பவும் வழியில்லை.

சாக்கெட் பொருத்தம்

கூலரை மதர்போர்டில் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, சாக்கெட்டுக்கு சாக்கெட் மாறும். இன்டெல் எல்.ஜி.ஏ 1200-ல் அது 75 மி.மீ, எல்.ஜி.ஏ 1700-ல் 78 மி.மீ. மூன்று மி.மீ வித்தியாசம்தான் என்றாலும், பழைய பிராக்கெட் உட்காராது. ஏ.எம்.டி-யில், மதர்போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்தும் ஏ.எம்.4 கூலர்கள் பெரும்பாலும் ஏ.எம்.5-க்கும் சேரும். சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர்கள் சேராது. பெட்டியில் உங்கள் சாக்கெட்டின் பெயர் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபினெட் பொருத்தம்

'240' என்பது இரண்டு 120 மி.மீ ஃபேன்களின் கணக்கு. ரேடியேட்டரின் உண்மையான நீளம் 275 மி.மீ-ஐ ஒட்டி இருக்கும். தடிமனையும் மறக்கக் கூடாது. வழக்கமான ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக மொத்தம் 52 மி.மீ. கேபினெட்டின் கூரையில் மாட்டினால் இந்த 52 மி.மீ, ரேம் மீது இடிக்கலாம். முன்பக்கம் மாட்டினால் கிராபிக்ஸ் கார்டுக்கான இடத்தில் அவ்வளவு குறையும்.

எங்கே மாட்டினாலும், ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மேலே ஏறித் தங்கும். அது பம்புக்குள் தங்கினால் சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும்.

உலோகப் பொருத்தம்

கஸ்டம் லூப் ஆசைப்படுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பிராசஸர் பிளாக் பெரும்பாலும் செம்பு. மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்களோ பல நேரம் அலுமினியம். புதுப்பேட்டையில் பழைய கார் ரேடியேட்டர் வாங்கி ஒட்டவைக்கும் யோசனையிலும் இதே சிக்கல் உண்டு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால், மெல்லிய பேட்டரிபோல வேலை செய்யும். அலுமினியம் அரிக்கப்பட்டுக் கரையும். அந்தக் கசடு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும். நாளடைவில் ரேடியேட்டரே ஓட்டையாகிக் கசியவும் கூடும்.

துறைமுகப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கப்பலின் இரும்பு அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். கடல்நீர் முதலில் துத்தநாகத்தை அரிக்கும், இரும்பு தப்பிக்கும். கப்பலில் வேண்டுமென்றே பலி கொடுக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் தெரியாமல் பலியாவது ரேடியேட்டர்!

செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒன்றோடு ஒன்று சேரும். அலுமினியத்தை இவற்றோடு சேர்க்காதீர்கள். பல ஆல்-இன்-ஒன்களில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தே இருக்கின்றன. அரிப்பைத் தடுக்கும் திரவத்தை நிரப்பிச் சீல் வைத்திருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. அதைத் திறந்து சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

டியூப், பம்ப், தண்ணீர்

கஸ்டம் லூப் பாகங்களில் 'ஜி 1/4' என்ற மரை அளவுதான் பொதுவானது. டியூபில் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் ஃபிட்டிங்கோடு சேர வேண்டும். 10/13 டியூபை 10/16 ஃபிட்டிங்கில் மாட்டினால் பிடிமானம் இருக்காது.

கொளத்தூரில் கிடைக்கும் மீன்தொட்டிப் பம்பை வைத்து ஒப்பேற்றலாமே என்று தோன்றலாம். அவை பெரும்பாலும் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடுபவை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஆன் ஆகாது. ஒருநாள் ஸ்விட்ச் போட மறந்தால் தண்ணீர் சுற்றாது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலேயே ஓடும் 12 வோல்ட் பம்ப்தான் பாதுகாப்பு.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மீஞ்சூர் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டு பிரச்னை. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாவற்றிலும் உப்பு மிச்சம் இருக்கும். கம்ப்யூட்டருக்கென விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள். அல்லது டிஸ்டில்டு வாட்டரோடு, பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தைச் சேருங்கள். ஐஸ் போடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். கடலோர ஈரக்காற்றில், குளிர்ந்த டியூபிலும் பிளாக்கிலும் நீர் வியர்த்து மதர்போர்டில் சொட்டும்.

கசிவு சோதனை

கஸ்டம் லூப் மாட்டியவுடன் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் மின்சாரம் போகாமல், பம்பை மட்டும் ஓட விடுங்கள். பவர் சப்ளையைத் தனியாக இயக்க 'ஜம்பர் பிளக்' கிடைக்கிறது. ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒருநாள் முழுக்க ஓட்டுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் மட்டும் அடுத்த வேலை.

தூசிக்கும் ஒரு நாள்

சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி, 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் கரித்தூசியும் சாம்பலும் வீட்டு ஜன்னல்வரை வருவது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளில் அந்தத் தூசி படிந்தால் காற்று போகாது. காற்று உள்ளே நுழையும் பக்கம் ஃபில்டர் வையுங்கள். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பிரஷ் அல்லது பிளோயரால் சுத்தம் செய்யுங்கள்.

கடைக்குப் போகும் முன்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கிளம்பும் முன் மூன்று விஷயங்களை போனில் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு மாடல் நம்பர், கேபினெட் மாடல் நம்பர், டேப் வைத்து அளந்த கேபினெட்டின் உள் அளவு. இவை கையில் இருந்தால், கடையில் யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது. வாங்கும்போது வாரன்ட்டியில் கசிவால் வரும் சேதமும் அடங்குமா என்று கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

பிராசஸர் 65 வாட் ரகம்தான் என்றால் ஏர் கூலரோடு திரும்பி வாருங்கள். மிச்சமாகும் 3,000 ரூபாயை எஸ்.எஸ்.டி-க்கோ ரேமுக்கோ போட்டால், கம்ப்யூட்டர் இன்னும் வேகமாக ஓடும்.